என் போர்வை மேல் முப்பது கிலோ

"ஓட்வார்! இது என்னன்னு சொல்லு!"

சனிக்கிழமை காலை, விடுமுறை. போர்வையை ஜன்னலுக்கு வெளியே உதறப் போனவள், அப்படியே சமையலறைக்குத் தூக்கி வந்தேன். கால்மாட்டில் ஈரல் விழுது காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. ரொட்டியில் தடவித் தின்கிற சமாச்சாரம்!

என் புருஷன் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "லொப்பா கொண்டு வந்திருக்கும்."

"ஏன், நாய் கத்தியால தடவுமா? நீதான் வெச்சிருக்கே. அது என் பக்கமே வந்து படுக்கணும்னு!"

காபியை இன்னொரு வாய் உறிஞ்சினான். கல்லுளிமங்கன்!

மூன்று வாரமாக இதே ரோதனை. பன்னிரண்டு வருஷம் கீழே சலவை அறையில் சமர்த்தாகப் படுத்த நாயைத் திடீரென்று கட்டிலில் ஏற்றிவிட்டான் இந்த மனுஷன். அதற்குக் குளிருகிறதாம்! முப்பது கிலோ, உடம்பெல்லாம் கம்பளி மாதிரி ரோமம், அதற்கா குளிரும்?

இந்தப் பனி ஊரில் எல்லா வீட்டையும் போல எங்கள் கட்டிலிலும் அவனுக்கொரு போர்வை, எனக்கொரு போர்வை. ஆசையாக ஏற்றியவன் போர்வையில் படுக்க வேண்டியதுதானே? ஊஹூம். என் கால் மேலேயேதான் கிடக்கும். திடீரென்று குரைக்கும். நான் திடுக்கிட்டு விழித்தால், "ஒண்ணுமில்ல, படு" என்று என் தோளைப் பிடித்துச் சாய்ப்பான் ஓட்வார். நாயை ஒரு அதட்டு? கிடையாது. தடவிக் கொடுப்பான்!

அரைத் தூக்கத்தோடு காலை ஐந்து மணிக்கு ரொட்டிக் கடை அடுப்படியில் நின்றால் விளங்குமா? இந்த வாரம் மட்டும் இரண்டு தட்டு பன் கரியாகிவிட்டது. "இன்னொரு தட்டு கருகினா வேற வேலை பார்த்துக்கோ, தூரிட்" என்று முதலாளியம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"பாவம், அதுக்கு வயசாச்சு" என்றான் ஓட்வார்.

"எனக்கும்தான் வயசாச்சு. எனக்கு யாரு ஈரல் விழுது வெச்சாங்க? இன்னிக்கு நாய் சலவை அறையில படுக்கணும். இல்லேன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"ஐயோ, அங்க வேண்டாம்! வாசல்லயே கடல்!"

"கடலோரமா இருந்தா என்ன? அங்க நாய் இல்லையே!"

ஒருவழியாகத் தலையாட்டினான். அன்று லொப்பாவைச் சலவை அறையில் விட்டு, நானே கதவைச் சாத்தினேன். சொர்க்கம்! அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

ஞாயிறு காலை விழித்தபோது என் காலில் கம்பளிக் காலுறை இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு ஜோடி. நான் போட்டுக்கொண்டு படுக்கவில்லையே!

பக்கத்தில் ஓட்வாரைக் காணோம். நாயோடு போய்ப் படுத்திருப்பான், வெட்கங்கெட்டவன்! திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே கீழே இறங்கினேன்.

வாசல் கதவில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மேலே கோட்டு, காலில் ஈர பூட்ஸ். லொப்பா மட்டும் விழித்திருந்தது.

வாசல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புதுப் பனியில் எங்கள் படியிலிருந்து தெருக்கோடிப் படகுத்துறை விளிம்பு வரைக்கும் கால் தடம். வெறுங்கால். என் பாத அளவு. அதைத் துரத்திக்கொண்டு பூட்ஸ் தடம். திரும்பி வந்தது பூட்ஸ் தடம் மட்டும்.

அவனை உலுக்கினேன். "எத்தனை நாளா?"

"மூணு வாரமா. தூக்கத்துலயே எழுந்து நடக்கறே. பூட்டி வெச்சாலும் சாவியைத் தேடி எடுத்துடறே."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ தூங்கவே பயப்படுவே. எனக்குக் கும்பகர்ணத் தூக்கம், நீ எழுந்திரிக்கறதே தெரியாது. லொப்பாவுக்குத்தான் தெரியும். நேத்து ராத்திரிகூட அது சலவை அறைக் கதவைப் பிறாண்டின சத்தத்துலதான் முழிச்சேன்." படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினான். "இன்னும் ஓரடி போயிருந்தா..."

"நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்" என்றேன்.

அன்று படுக்கும் முன் ஈரல் விழுது டப்பாவை எடுத்து, என் போர்வையின் கால்மாட்டில் நானே தடவினேன். கொஞ்சம் தாராளமாகவே.