மூச்சுக்கு முந்நூறு தடவை

“கொஞ்சம் இரும்மா, சூடு தாங்காது” என்று பதறிய கண்ணாடி போட்ட மனிதர், வாளி வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தார். தோளில் துவாலை, கையில் குழந்தை சோப்பு. வாசற்கதவைத் திறந்துவிட்ட கையோடு குளியலறைக்கு ஓடியவரைப் பார்த்த சர்வீஸ் பெண், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றே நினைத்துவிட்டாள்.

அவர் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தியது ஒரு மூக்கு. ரப்பர் மூக்கு.

குறட்டையும் மூச்சடைப்புமாகத் தூங்குகிறவர்களுக்குக் காற்றை ஊதிக் கொடுக்கும் சிபேப் மெஷினின் மாஸ்க் அது. மெஷினை வாடகைக்குக் கொடுத்த கடையிலிருந்து, அதைத் திருப்பி எடுத்துப் போகத்தான் அவள் வந்திருந்தாள்.

‘இந்தச் சனியனைத் தூக்கிட்டுப் போங்க’ என்று போன் செய்தவர் ஹாலில் சோபா நிறைய உட்கார்ந்திருந்தார். நீச்சல் கோச். இரட்டைக் கதவு பீரோ மாதிரி மார்பு.

“பகல் பூரா தண்ணியில கிடக்கறவன்மா நான். படுத்த பிறகும் மூஞ்சியில தண்ணி தெளிச்சா எப்படி? குழாய்க்குள்ள களக்களக்னு சத்தம், அப்புறம் மூக்குல சொட்டுச் சொட்டா விழுது. போதும் சாமி, ஆளை விடு.”

“கழுவாததாலதான் அப்படின்னு சொல்லிடப் போறார், நம்பாதேம்மா!” குளியலறையிலிருந்து குரல் பறந்து வந்தது. “தினம் மாஸ்க்கைக் கழுவறேன். தண்ணித் தொட்டியில பழைய தண்ணி ஒரு சொட்டு விட்டதில்லை. கவுத்து, கழுவி, நிழல்ல காய வெச்சு, காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தறேன். வாரா வாரம் வினிகர் குளியல் வேற!”

“பார்த்தியா? மூச்சுக்கு முந்நூறு தடவை இதே பாட்டு” என்று கோச் தலையில் அடித்துக்கொண்டார். “நாத்தம் அடிச்சா மாட்டிக்க மாட்டேன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து விடிஞ்சா போதும், சோப்போட வந்து நின்னுடறார்.”

சர்வீஸ் பெண், ஜன்னலோரம் காய வைத்திருந்த மெஷின் தொட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் போகிற வீடுகளில் தொட்டி அடியில் சுண்ணாம்பு போல வெள்ளை படிந்திருக்கும். சில இடங்களில் மீன் வளர்க்கலாம் என்கிற அளவுக்குப் பாசி இருக்கும். இது கண்ணாடி டம்ளர் மாதிரி பளபளத்தது.

“ஃபில்டர் மட்டும் மாத்தணும். பாக்கெட்டைப் பிரிக்க ஒரு கத்தரிக்கோல் கிடைக்குமா?”

கண்ணாடிக்காரர் ஓடி வந்து ஒரு டிராயரைத் திறந்தார். பேட்டரிகள். அடுத்ததில் சாக்ஸ். மூன்றாவதில் கை வைத்தபோது, கோச் திரும்பிப் பார்க்காமலே “டிவிக்குக் கீழே” என்றார்.

“சார், இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிற மெஷினை நான் பார்த்ததே இல்லை. இப்படிப் பார்த்துக்க ஓர் ஆள் இருக்கும்போது எதுக்குத் திருப்பித் தர்றீங்க?”

கோச் பதில் சொல்லுமுன் கண்ணாடிக்காரர் குறுக்கே வந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். “எடுத்துட்டுப் போயிடாதேம்மா. இவர் நல்லாத் தூங்கினாத்தான் என் உசுரு என்கிட்ட இருக்கும்.”

கூடப் பிறந்த பாசம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஓர் அண்ணன் உண்டு. போன தடவை அவள் காய்ச்சலில் விழுந்தபோது டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். அதையே இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

“மெஷின் எங்கே வெச்சிருக்கீங்க?” என்றபடி படுக்கையறைக்குள் போனவள், நின்றாள். தலையணைக்கு மேலே, உயரமான அலமாரித் தட்டில் சாமி சிலை மாதிரி வீற்றிருந்தது மெஷின்.

“யார் இதை மேலே ஏத்தினது?”

“நான்தான். கீழே வெச்சா தூசி படுமே...”

“அங்கதான் தப்பு. வெதுவெதுன்னு கிளம்பற ஈரக் காத்து, குழாய்ல வர்றப்போ குளிர்ந்து தண்ணியாயிடும். மெஷின் மேலே இருந்தா அந்தத் தண்ணி நேரா மூக்குக்குத்தானே இறங்கும்?”

கண்ணாடிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வான முக்காலிக்கு இறக்கினாள். ஃபில்டரை மாற்றி, தொட்டியையும் மாஸ்க்கையும் பொருத்தி, ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தாள். குளிர் படாமலிருக்கக் குழாய்க்கு ஒரு துணியுறை மாட்டினாள். “இப்போ படுத்துப் பாருங்க சார். தண்ணி வந்தா நானே எடுத்துட்டுப் போயிடறேன்.”

வேண்டாவெறுப்பாகத்தான் படுத்தார் கோச். களக்களக் இல்லை. சொட்டு இல்லை. குறை சொல்லத் திறந்த வாய் அப்படியே மூடியது. கொஞ்ச நேரத்தில் பீரோ மார்பு சீராக ஏறி இறங்க, மனிதர் குறட்டையே இல்லாமல் தூங்கிப் போனார்.

கண்ணாடிக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, கச்சேரி கேட்பவர் போலக் கண்மூடி நின்றார். பிறகு இருவரும் பூனை நடை போட்டு வாசலுக்கு வந்தார்கள்.

“மெஷின் இங்கேயே இருக்கட்டும் சார்” என்றாள் அவள். “எத்தனையோ வீட்டுக்குப் போறேன். உங்களை மாதிரி ஓர் அண்ணனைப் பார்த்ததில்லை. தம்பி கொடுத்து வெச்சவர்!”

கண்ணாடிக்காரர் அவளுக்குப் பின்னால் தானும் வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

“அண்ணனா? நான் பக்கத்து வீடும்மா. நடுவுல ஒத்தைச் செங்கல் சுவர்தான்!”