எஸ்தர் சொன்ன தண்டனை

பதினெட்டு வயது ஆகாதவர்கள் செய்த குற்றமென்றால், பாதிக்கப்பட்டவர் அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒரு வேளை சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பது சட்டம். அப்போதுதான் அந்த வீட்டுச் சுவரில் நீதிமன்றத் திரை திறக்கும், தண்டனையைப் பாதிக்கப்பட்டவரே சொல்லலாம்.

“உட்காருறேன். ஆனா கை நனைக்க மாட்டேன்,” என்றாள் எஸ்தர். ஊரின் ஒரே மருந்துக்கடை அவளுடையது. போன வாரம் அதற்குத் தீ வைத்தவள் பதினாறு வயது மகிழினி.

மகிழினியே பரிமாறினாள். கரண்டி பிடித்த கையில் தீக்காயம் கொப்பளித்துக் கிடந்தது.

“மருந்து போடலையா?”

“கடை இல்லையேக்கா.” சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

திரை திறந்தது.

“இவளை எங்கேயும் அடைக்க வேண்டாம். புண் ஆறினதும் என்கூட நின்னு கடையைக் கட்டணும்.”

எஸ்தர் இலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அந்தக் கையோட நீ ஊத்தாத. அம்மாவைக் கூப்பிடு, ரசம் ஊத்தட்டும்.”