புதன்கிழமை லேபிள்

"ஒரிசாக்காரன் தமிழ் படிப்பானா? யோசிச்சுத்தான் பேசுதீங்களா சார்?"

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கொம்பையா கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய பெட்டிகள் அத்தனையும் லாரி ஏறி ஒரிசாவுக்குப் போகிறவை. அந்த லேபிளில் தமிழில் நாலு வரி அச்சடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் சுகாதார ஆய்வாளர் செண்பகராஜ்.

நின்றார் என்று சும்மா சொல்லவில்லை. போட்ட நாற்காலியில் மனிதர் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

போன மாதம் பின்தெரு ஆறுமுகத்தாய் செத்துப்போனாள். இருபத்தெட்டு வயது, காசநோய். முந்தானைக்குள்ளேயே இருமி இருமி மறைத்துவிட்டாள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள். இன்னும் எத்தனை பேர் இப்படி மறைக்கிறார்களோ என்ற நினைப்பு செண்பகராஜைச் சும்மா இருக்க விடவில்லை. தெருவில் நோட்டீஸ் ஒட்டினார்; பசைக்கு ஆசைப்பட்டு ஆடு தின்றது. கூட்டம் போட்டார்; ஒரு ஆள்கூட வரவில்லை. வந்தால் 'அவளுக்கும் இருக்கு' என்று ஊர் பேசுமே.

"செத்தது இங்கன. லேபிள் போறது ஒரிசாவுக்கு," என்றார் கொம்பையா.

"ஒரே ஒரு லோடுக்குப் போடுங்க அண்ணாச்சி. படத்தை மாத்த வேண்டாம், ஓரத்துல சின்னதா இருந்தாப் போதும்."

ஆளைக் கிளப்பினால் சரி என்று கொம்பையா சம்மதித்தார். படித்த கிறுக்கு என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

லேபிள் அச்சாகி வந்தது. 'மூன்று வாரமாக இருமலா? புதன்கிழமை காலை பெரியாஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை. மாத்திரை இலவசம். நோய் குணமாகும்.'

அடுத்த புதன்கிழமை. லோடு இன்னும் லாரி ஏறவில்லை. அதற்குள் லேபிள் ஒட்டும் கொட்டகையில் பாதி இடம் காலி. கொம்பையாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு வீடாகத் தேடிப் போனால், ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கூட்டரை அங்கே விட்டார்.

வரிசையில் பதினோரு பெண்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி திகைத்து நின்றார்கள். செண்பகராஜ் நாற்காலியில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி வெயிலம்மா, உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் கொம்பையா.

வெயிலம்மாள் பசை காய்ந்த விரல்களால் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரும் சொல்லல மொதலாளி. அறிவொளி ராத்திரி வகுப்புல எழுத்துக்கூட்டப் படிச்சோம். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் லேபிள் ஒட்டுதோம். குனிஞ்சு படிச்சா யாருக்குத் தெரியும்?"