வான்கோழிக்கு ஊசி

"அசையாமல் பிடியும், மேரிறோஸ். ஊசி துடையிலை ஏறவேணும்."

மேரிறோஸ் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்தாள். சூசைநாதன் பெரிய ஊசியை வான்கோழியின் தொடையில் செருகி, கொன்யாக் பிராந்தியை மெல்ல மெல்ல ஏற்றினான். எண்பத்தைந்தாம் ஆண்டு டிசம்பர் நத்தார்த் திருநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவன் கோப்பை கழுவும் ரெஸ்ரோரண்டின் முதலாளி கொடுத்த பரிசு அது. வான்கோழி மட்டும் வந்திருந்தால் மேரிறோஸ் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள். கூடவே ஒரு போத்தில் கொன்யாக்கும் வந்துவிட்டது.

"மூண்டு நாள் முன்னமே ஏத்தி வைச்சால்தான் இறைச்சி பஞ்சு மாதிரி வருமாம். எங்கடை சமையல் ஷெப் சொன்னவர்."

"ஷெப்புக்கென்ன? அவரே லூர்து மாதாவிட்டைச் சத்தியம் செய்தவர்?"

சத்தியம் செய்தவன் சூசைநாதன்தான். ஓகஸ்ட் பதினைந்து திருநாளுக்கு லூர்து போனபோது, நத்தார்ப் பூசை முடியும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மாதாவுக்கு முன்னால் கைநீட்டிச் சொல்லியிருந்தான். தொட்டால் ஜேர்மனியில் இருக்கும் அக்காவிடம் போய்விடுவேன், திரும்பி வரவே மாட்டேன் என்று மேரிறோஸும் அதே இடத்தில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

சொன்ன சொல்லை விழுங்குவது அவள் பரம்பரையிலேயே கிடையாது. ஜேர்மனிக்குப் போகவும் அவளுக்கு விருப்பமில்லை. அக்காவோடு அரை நாள் இருந்தாலே சண்டை வரும். அதனால் சூசைநாதன் எங்கே தோற்றுவிடுவானோ என்று அவனைவிட அவள்தான் அதிகம் பயந்தாள்.

போத்தில் அலுமாரிக்குள் போனது. சாவி அவள் சட்டைப் பையில். மட்டம் தெரியப் பேனாவால் ஒரு கோடும் கீறி வைத்தாள்.

கோடு மட்டும் போதாது என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருடம் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த விஸ்கியைக் குடித்துவிட்டு, வெறுந்தேத்தண்ணியை ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டிய கெட்டிக்காரன் அவன். கண் ஏமாறலாம், நாக்கு ஏமாறாது. ஆகவே போத்திலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி வார்த்து, தானே வாயில் விட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்த பிறகுதான் அவனிடம் கொடுத்தாள்.

"பொலிஸ்காரியைக் கட்டினதுக்கு இது நல்லா வேணும்," என்று சிரித்தான் சூசைநாதன்.

பிரிட்ஜுக்குள் அடங்காத வான்கோழி, துணி சுற்றிய தட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே குளிரில் இருந்தது. லா சப்பல் பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் தட்டம் கிடுகிடுத்தது. யாரோ தட்டத்தைத் திறக்கிறார்கள் என்று மேரிறோஸ் இரண்டு தரம் எழுந்துபோய்ப் பார்த்தாள்.

நத்தாருக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணிக்கு வான்கோழி அவண் அடுப்புக்குள் போனது.

"அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மேலை கொன்யாக் வாக்கவேணும். இல்லாட்டித் தோல் காஞ்சுபோம்," என்றான் சூசைநாதன்.

"ஊத்துங்கோ. நான் பக்கத்திலை நிப்பன்."

அவள் சொன்னபடியே நின்றாள். அரை மணிக்கொரு தடவை அலுமாரி திறந்தது, வழக்கமான கரண்டிச் சோதனை நடந்தது, அலுமாரி பூட்டப்பட்டது. நாலு மணிக்கெல்லாம் மாடிப்படி முழுவதும் மணம் தூக்கியது.

மேரிறோஸுக்குச் சந்தேகம் வந்ததும் அப்போதுதான். சூசைநாதன் நத்தார்ப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. கேட்டால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டான்.

ஐந்து மணிக்கு அவன் அன்றிரவுப் பூசைக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சட்டையோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"எப்பிடி, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறனே?"

மேரிறோஸ் பார்த்தாள். அவன் இடப்பக்கம் சாய்ந்தான். நிமிர்ந்தான். பிறகு வலப்பக்கம் சாய்ந்தான். கொன்யாக் மணமும் குப்பென்று அடித்தது.

"ஏமாத்திப்போட்டியள்!"

"நானோ? என்னத்தை?"

"நேரா நிக்கேலாமல் ஆடுறியள்! பூசைக்கு இன்னும் மூண்டு மணித்தியாலம்தானே இருக்கு, பொறுக்கேலாமல் போச்சே உங்களுக்கு?"

"மாதாவாணை, ஒரு சொட்டும் தொடேல்லை!"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாலு மாதமும் ஒன்பது நாளும் தாக்குப்பிடித்தவன், தோணி கரைதட்டும் நேரத்தில் கவிழ்த்துவிட்டானே! இனி அக்காவின் முகத்தில் விழிக்கவேண்டும். அதைவிட, இந்த மனிசனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"சும்மா பழி சொல்லாதையும்," என்றான் அவன். "வாமதேவனைக் கூப்பிடும். அவன் சொல்லட்டும்."

எதிர்வீட்டு வாமதேவன் அசல் சைவக்காரன். அதிலும் திருவெம்பாவை விரதக்காலம். வான்கோழித் துண்டைக் காட்டி அவனை வளைக்க முடியாது. மேரிறோஸ் போய்க் கதவைத் தட்டி, நெற்றியில் திருநீறோடு நின்றவனைக் கையோடு கூட்டி வந்தாள்.

"தம்பி, கடவுளுக்குப் பொதுவாச் சொல்லும். இவர் ஆடுறாரோ இல்லையோ?"

வாமதேவன் நீதிபதி கணக்காகச் சூசைநாதனை மேலும் கீழும் பார்த்தான். "ஊதுங்கோ அண்ணை," என்று சொல்லி மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். சூசைநாதன் ஊதினான். பிறகு வாமதேவன் அவனை நிலத்துக் கல் வரிசையில் அவணடிவரை நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னான். சூசைநாதன் வரம்பில் நடப்பதுபோலப் போய், வந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"பாத்தீரே, பாத்தீரே! இப்பவும் ஆடுறார்!" என்று கத்தினாள் மேரிறோஸ்.

வாமதேவன் அவள் பக்கம் திரும்பினான். மூக்கை அவள் பக்கமும் ஒருதடவை நீட்டினான். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

"அண்ணை அசையேல்லை. நீங்கள் முதல்லை அந்தச் சுவரைப் பிடியுங்கோ, அக்கா."