எதிர் நாற்காலியில் அவர்

மனநல ஆலோசகர் ஒரு காலி நாற்காலியை இழுத்து, எழுபது வயது அம்மாளுக்கு எதிரே போடுகிறாள். “உங்க வீட்டுக்காரர் இதுல உக்காந்திருக்கார்னு நெனச்சுக்கோங்கம்மா. மனசுல இருக்கறதையெல்லாம் கேட்டுடுங்க.” அவர் செத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மாளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, தூக்கமும் இல்லை. மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வு பேசினாலாவது தீராதா என்று மகள்தான் வாராவாரம் கூட்டிவந்து வெளியே காத்திருக்கிறாள். ஜன்னல் வெயில் நாற்காலி மெத்தையில், சரியாக ஓர் ஆள் உட்காரும் இடத்தில் விழுகிறது. அம்மாள் அதை முறைக்கிறாள். சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போய்வந்த ஒரே குற்றத்துக்கு அந்த மனிதர் பதினோரு மாதம் அவளோடு பேசவில்லை. ஏதாவது கேட்டால் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அவள் காய்ச்சலில் கிடந்து ‘தண்ணி’ என்று முனகியபோதும் தாள் புரளும் சத்தம்தான் கேட்டது. இப்போது அம்மாளின் கை மேசையில் கிடக்கும் செய்தித்தாளை எடுக்கிறது. உதறி விரித்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. நிதானமாக ஒரு பக்கம் புரட்டுகிறாள். விரலில் எச்சில் தொட்டு இன்னொரு பக்கம். வெயில் மெத்தையை விட்டுத் தரைக்கு இறங்கிவிடுகிறது. “நேரம் முடிஞ்சிடுச்சும்மா. அவர்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே?” என்கிறாள் ஆலோசகர். அம்மாள் தாளை மடித்து வைக்கிறாள். வாராவாரம் தொடாமலே விட்டுப்போகும் பிஸ்கட்டை எடுத்து நறுக்கென்று கடிக்கிறாள். “இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்கேன். பதினோரு மாசம் போகட்டும், பேசறேன். அதுவரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கட்டும்.”