முத்துப்பேச்சி எழுதிய கடிதம்

வண்டன்மேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடம். சன்னல் வெயிலில் பச்சைக் காய்கள் மேசை நிறையப் பளபளக்கின்றன; பெண்களின் கைகள் மட்டும் அசையவில்லை. சாக்கின் மேல் சாய்த்து வைத்த போனில் கேரளச் சட்டசபை நேரலையாக ஓடுகிறது. தொகுதி எம்.எல்.ஏ. பவுல்ராஜ், இதே எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், எழுந்து நின்று தமிழிலேயே பேசுகிறார். "முத்துப்பேச்சி என்ற தொழிலாளி எழுதிய கடிதம் இது. பஸ் நின்று மூன்று வருடமாகிறது. பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு ஆறு கிலோமீட்டர் நடந்தேன் என்கிறார். எங்கள் மேட்டுக்கு பஸ் எப்போது வரும்?" கூடத்தில் எல்லாத் தலைகளும் முத்துப்பேச்சி பக்கம் திரும்புகின்றன. அவள் மடியில் விரல்களைக் கோத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். அமைச்சர் எழுந்து மலையாளத்தில் பதில் சொல்கிறார்: திங்கள்கிழமை முதல் காலையில் ஒரு பஸ் ஓடும். கைதட்டலில் தகரக் கூரை அதிர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கத்தரீனாள் அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "ஏட்டி, சட்டசபையில ஒம் பேரச் சொல்லிட்டாகடி!" முத்துப்பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "காலையில போயிருவோம்க்கா. சாயங்காலம் எதுல திரும்புறது? தாள் ஒண்ணு இருந்தாக் குடுங்க, அதையும் எழுதிருவோம்."