ஒன்பதாம் எண்

“ஏங்க, அந்தக் கிழவன் மறுபடியும் வந்துட்டான்.”

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தவள் தலையில் கைவைத்தாள். படுக்கையறையிலிருந்து காலிக் கோப்பையோடு வந்த கணவன் உச்சுக்கொட்டியபடி அடுப்பங்கரைக்குப் போனான்.

மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஆன்லைன் பயிற்சி. ஒருவர் பாடக்குறிப்பு எழுத, முகம் தெரியாத இன்னொருவர் அதே பக்கத்தின் ஓரத்தில் திருத்தம் போடுவார். பெயர் கிடையாது, எண் மட்டும். நாலு மணிக்குள் இருவரும் ஒத்துப்போய் முடிக்காவிட்டால் விடுமுறை முழுக்க இதே பயிற்சியை மறுபடி எடுக்க வேண்டும்.

அவளுக்கு வாய்த்தது ஒன்பதாம் எண். ‘எரியும் மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியவில்லை. பிள்ளைகள் பாவம்’ என்று போட்டிருந்தது. இந்தத் தோரணைக்கு ரிட்டயராகப் போகிற வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

“என்னதான் எழுதியிருக்கான்?”

“என்னமோ உளறியிருக்கான்.” அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒன்பது சொன்னதுதான் சரி என்று உள்ளூரத் தெரியும். கணவனும் அறிவியல் வாத்தியார், கேட்டால் சிரிப்பான்.

“விடாதே, திருப்பிக் கொடு. எனக்கும் ஒரு மண்டைக்கனம் மாட்டியிருக்கு. காலையிலேர்ந்து உயிரை வாங்குது.” டீயோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: ‘முதலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள், தாத்தா.’

உடனே பதில் வந்தது. ‘நான் தாத்தா என்றால் நீங்கள் கொள்ளுப்பாட்டி.’

சற்று நேரத்தில் கணவன் வெளியே வந்தான். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் முன்நெற்றி முடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“மணி மூணே முக்கால். ஒரே போடா போடணுங்க. அதுக்கப்புறம் அவன் வாயே திறக்கக் கூடாது” என்றாள்.

அவன் கண்ணாடியிலிருந்து திரும்பினான். இந்த மாதிரி வேலை என்றால் அவனுக்குச் சர்க்கரை சாப்பிடுகிற மாதிரி.

“‘உங்களோட குடும்பம் நடத்துற அந்த அம்மாவுக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிச்சிடுங்க’ன்னு போடு.”

காலையிலிருந்து அழாத குறையாக இருந்தவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே, தன் மண்டைக்கனத்தை ஒரு கை பார்த்துவிட்டு வருவதாக உள்ளே போனான்.

ஒரு எழுத்து விடாமல் தட்டி அனுப்பினாள்.

பதில் வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படுக்கையறைக் கதவு மெல்லத் திறந்தது. லேப்டாப்பைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கணவன் நின்றான்.

“உனக்கு அனுதாபம் சொல்லச் சொல்லியிருக்காங்க.”